அரை மாத்திரையும் ஓர் அழகான எழுத்துருவும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் பணி அனுபவத்தை எழுதித் தரும்படி உங்கள் பிரிவில் கேட்டிருந்தார்கள். சாதனைகளைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். நான் உடைத்தவைதான் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. அவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். மற்றவற்றை என் பழைய சகாக்களிடம் கேளுங்கள். என்னைவிட ரசித்துச் சொல்வார்கள்.

சேர்வர் கணினிகளின் பக்கம் வேலை செய்கிறவர்கள் பிழைவிட்டால் எல்லாம் நின்றுபோகும். தொலைபேசி அடிக்கும், எல்லோரும் ஓடி வருவார்கள், திருத்திய பிறகு கைதட்டும் கிடைக்கும். நீங்கள் வந்து சேர்ந்திருப்பது மேசைக் கணினிப் பொதிகளின் பக்கம், அதாவது மென்பொருளைக் கட்டி அனுப்பும் மூட்டைகளின் பக்கம். எழுத்துரு, உலாவி, ஆவணம் தட்டும் மென்பொருள், அச்சடிக்கும் மென்பொருள். இங்கே நாம் பிழைவிட்டால் எதுவும் நிற்காது. எல்லாம் ஓடிக்கொண்டேயிருக்கும், பிழையாக. அதனால்தான் இந்த வேலையில் எனக்கு இன்றைக்கும் பயம் போகவில்லை.

போர் நிறுத்தப்பட்டிருந்த சமாதான காலத்தில் நான் கிளிநொச்சியில் ஓர் உதவி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அவர்களுக்கு ஒரு வைத்திய நிலையமும், கண்டாவளையில் அதன் சிறிய கிளையொன்றும், சில அலுவலகங்களும் இருந்தன. கணினிகளை யாரோ அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார்கள். அவை எல்லாவற்றிலும் நிறுவனங்களுக்கென்று வெளிவரும் லினக்ஸ்தான் ஓடியது. என் பதவியின் பெயர் பொதி பராமரிப்பாளர். அந்தப் பெயரில் எனக்கு மிகுந்த பெருமை. ஒருமுறை ஓமந்தைச் சோதனைச் சாவடியில் என்ன தொழில் என்று கேட்டபோது, 'பொதி பராமரிப்பு' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பொதிகள் எங்கே என்று கேட்டார்கள். பையைக் கொட்டிப் பார்த்தார்கள். உடுக்கும் சாரம் ஒன்றும், எலுமிச்சங்காய் ஊறுகாய்ப் போத்தலும், சில சீடிக்களும் இருந்தன. படமா என்று கேட்டார்கள். இல்லை, எழுத்துரு என்றேன். பையைச் சோதித்த இளைஞர் என்னை இரக்கத்தோடு பார்த்து, பையைத் தானே அடுக்கித் தந்தார்.

நிறுவன லினக்ஸின் வாக்குறுதி உங்களுக்குத் தெரியும்: பல வருடங்களுக்கு எதுவும் மாறாது. ஓரிடத்தில் ஓட்டை கண்டால் புதுப் பதிப்பை ஏற்றமாட்டோம். பழைய பதிப்பிலேயே அந்த ஓட்டையை மட்டும் தைத்துக் கொடுப்போம். கேட்க எளிது. ஆனால் மென்பொருளை எழுதியவர்கள் எப்போதோ பழையதை விட்டுவிட்டு முன்னால் போயிருப்பார்கள். பாவிப்பவர்கள் ஒன்றும் மாறக்கூடாது என்பார்கள், அதே வாயால் இது மட்டும் சரியாக வேண்டும் என்பார்கள். நடுவில் ஊசியும் நூலுமாக நீங்கள் இருப்பீர்கள். தையல் அலுப்பான வேலை. அலுப்பு வரும்போதுதான் என்னைப் போன்றவர்களுக்குப் புதுச்சட்டை வாங்கும் யோசனை வரும்.

வைத்திய நிலையத்தில் மருந்து கொடுத்தவர் றஹீமா அக்கா. முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து, புத்தளத்தில் படித்து, சமாதானம் வந்ததும் திரும்பி வந்தவர். டொக்டர் எழுதியதை அவர் கணினியில் தட்டுவார். ஒரு சின்ன பிரிண்டரில் லேபிள் வரும். அதை மருந்து உறையில் ஒட்டி, எப்படிக் குடிப்பது என்று வாயாலும் சொல்லிக் கொடுப்பார். ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு லேபிளைக் காட்டினார்.

"தம்பி, 'மாத்திரை'யில இந்த 'ரை' ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிக் கிடக்கு. சனம் என்ன எழுத்தெண்டு கேக்குது."

உண்மைதான். பழைய எழுத்துருவில் அந்த ஐகாரக் குறி ஒரு மயிரிழை உள்ளே தள்ளி நின்றது. அதை ஒரு மயிரிழை வெளியே நகர்த்தினால் வேலை முடிந்திருக்கும். ஆனால் கொழும்பிலிருந்து வந்த ஒரு சீடியில் நான் ஒரு புதிய தமிழ் எழுத்துருவைப் பார்த்துவைத்திருந்தேன். வளைவுகள் எல்லாம் அவ்வளவு அழகு. இந்தச் சாட்டு எப்போது கிடைக்கும் என்று காத்திருந்தவன்போல, பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை ஏற்றினேன். சேர்வரில் இடம் நெருக்கடி என்பதால் பழைய பொதியை அழித்தும்விட்டேன். இதை வாசிக்கும்போது உங்களில் சிலர் கண்ணை மூடிக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

சோதிக்காமல் விடவில்லை. திரையில் பழைய லேபிள்கள் பலவற்றைத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. பிரிண்டரிலும் சோதித்தேன். என்ன அடித்தேன் என்று நினைக்கிறீர்கள்? என் பெயரை. முன்னால் 'திரு' போட்டு, பெரிய எழுத்தில். அற்புதமாக வந்தது. அதை என் அலுமாரிக் கதவில் ஒட்டிவைத்தேன். றஹீமா அக்காவும் 'ரை' இப்போது நல்ல வடிவு என்று சொன்னார். அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

அதே வாரம் எனக்குத் தலையிடி தொடங்கியது. டொக்டர் பிரஷரைப் பார்த்துவிட்டு மருந்து எழுதித் தந்தார். றஹீமா அக்கா உறையை நீட்டி ஏதோ சொன்னார். நான் லேபிளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த 'ரை'யை. அவர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்தேன். 'காலை மாத்திரை, சாப்பிட்ட பின்' என்று லேபிளில் இருந்தது. எத்தனை என்று இல்லை. எத்தனை என்று போடாவிட்டால் ஒன்றுதானே? ஒவ்வொரு காலையும் ஒன்று போட்டேன்.

சில நாட்கள் கழித்து அந்த அழகைக் கண்டாவளைக் கிளைக்கும் கொண்டுபோகப் புறப்பட்டேன். சட்டைப் பையில் சீடி, சைக்கிளில் நான். வாய்க்கால் கரையால் போய்க்கொண்டிருந்தபோது வயல் ஒருமுறை சுற்றியது. பிறகு வானம் சுற்றியது. பிறகு தண்ணீர். சைக்கிள் எனக்கு மேலே கிடந்தது. வயலில் நின்ற இரண்டு பேர் ஓடிவந்து இழுத்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவர் என் வாயை மணந்து பார்த்துவிட்டு, விடியவே ஏற்றியிருக்கிறார் போல என்று மற்றவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. மறுத்துப் பேச நாக்கு எழும்பவில்லை. அது அவர்களுக்குச் சாட்சியாகப் போயிற்று. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் நெல் மூட்டைகளுக்கு நடுவே என்னைக் கிடத்திக் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்தார்கள். சீடி வாய்க்காலோடு போய்விட்டது. இன்றுவரை நான் கண்ட தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகளிலே மிகச் சிறந்தது அந்த வாய்க்கால்தான். கண்டாவளையை அது காப்பாற்றியது.

டொக்டர் பிரஷரைப் பார்த்தார். பாதாளத்தில் இருந்தது. எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்று கேட்டார். ஒன்று என்றேன். என் அறையிலிருந்து உறையை எடுப்பித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நான் அரை எண்டெல்லோ எழுதினனான்" என்றார்.

றஹீமா அக்கா வந்து பார்த்தார். தான் அரை என்றுதான் தட்டியதாகச் சொன்னார், எனக்கு வாயாலும் சொன்னதாகச் சொன்னார். திரையில் என் பெயரைத் திறந்து காட்டினார். அங்கே ½ என்ற குறி தெளிவாக இருந்தது. லேபிளில் அந்த இடம் வெறுமை.

படுத்திருந்தபடியே எனக்கு எல்லாம் விளங்கிற்று. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் பழைய எழுத்துருவில் அந்த ½ குறியைத் தன் கையால் வரைந்து சேர்த்திருந்தார். ஏன் சேர்த்தார் என்று எங்கும் சொல்லிவைக்கவில்லை; நானும் கேட்கவில்லை. புதிய எழுத்துருவில் அந்தக் குறி கிடையாது. திரையில் கணினி அதை வேறோர் எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிக் காட்டியது. சின்ன பிரிண்டருக்குக் கடன் வாங்கத் தெரியாது. இல்லாததை அது பேசாமல் விட்டுவிட்டது. என் பெயரில் அரை ஏதும் இல்லாததால் என் சோதனையில் அது தெரியவரவில்லை.

நான் கட்டிலிலிருந்து குதித்தேன். கணினிக்குப் போய் அதைத் திருத்தவேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் மனதில் இல்லை. இரண்டடி வைப்பதற்குள் சுவரைப் பிடித்தேன். டொக்டர் என்னை மறுபடி கட்டிலில் இருத்தினார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை.

"உங்கட பெட்டியைப் பிறகு பாருங்கோ. முதல் அந்தப் பிரிண்டரை நிப்பாட்டுவம். பிறகு அரை எழுதின மருந்து ஆரார் கையில போயிருக்கெண்டு பாப்பம். ஏன் இப்பிடி நடந்ததெண்டது அதுக்குப் பிறகு."

அவருக்கு லினக்ஸ் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் எனக்கு இந்தத் தொழிலைக் கற்பித்தவர் யார் என்று யாராவது கேட்டால் அவரைத்தான் சொல்வேன். நாம் பழக்கத்தில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஏன் என்று முதலில் தேடுகிறோம், ஏனென்றால் அது சுவையான வேலை. அந்த நேரம் முழுக்கப் பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

றஹீமா அக்கா பிரிண்டரின் வயரைக் கழற்றிவிட்டுப் பேனையை எடுத்தார். வாசலில் காத்திருந்தவர்களுக்கு அவரே கையால் எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். கணினியில் பதிவு சரியாகவே இருந்ததால், அரை எழுதப்பட்டவர்களைத் தேடி எடுக்க முடிந்தது. நான் பயந்த அளவு பேர் இல்லை. டொக்டர் அவர்களைப் பிரித்தார். சிலருக்கு வெறும் விற்றமின். இரட்டிப்பாகப் போட்டாலும் கெடுதல் இல்லை. அநேகமானோர் நேரில் வந்து மருந்து எடுத்தவர்கள், றஹீமா அக்கா சொன்னதைக் காதால் கேட்டவர்கள். அவர்கள் வீடுகளுக்கும் ஆள் அனுப்பினோம். எல்லோரும் அரையாகவே போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் அவர் சொன்னதைக் கேட்காத ஆள் நான் ஒருவன்தான் என்று அப்போது தெரிந்தது.

மிஞ்சியது ஒரு பெயர். துளசி என்ற சின்னப் பிள்ளை. வலிப்புக்கு மருந்து. கண்டாவளைக்கு அப்பால் ஒரு குடியேற்றத் திட்டத்தில் வீடு. தாய் அன்று வரவில்லை. பட்டணத்துக்கு வந்த தாய்மாமன்தான் மருந்தை வாங்கிக்கொண்டு போயிருந்தார். றஹீமா அக்கா அவரிடம் அரை என்று சொல்லியிருந்தார். அவர் அதை வீட்டில் சொன்னாரா என்பதுதான் எவருக்கும் தெரியாதிருந்தது.

டொக்டர் வாகனத்தில் ஏறினார். நானும் ஏறினேன். இந்த நிலையில் நீங்கள் ஏன் என்று கேட்டார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் கொஞ்சம் தள்ளி இருந்து இடம் விட்டார். போகிற வழி முழுக்க நான் கதவுக் கைபிடியைப் பிடித்தபடி, அந்த மாமன் மட்டும் மறக்காமல் சொல்லியிருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தேன்.

தாய் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். டொக்டரே வீடு தேடி வந்ததில் அவருக்கு முகம் கொள்ளாத சந்தோசம். கதிரை எடுத்துப்போட்டார்.

"நல்ல மருந்து டொக்டர். முந்தி ஒரு இடத்தில இராள். இப்ப ஒரு கரைச்சலும் இல்லை. சாப்பிடக்கூட எழும்பாமப் படுக்கிறாள்."

டொக்டர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டார். அந்த மத்தியான நேரத்திலும் பிள்ளை பாயில் சுருண்டு கிடந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தோளைத் தட்டினார். அது கண்ணைத் திறந்து, எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. மூச்சைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார். கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று தாயைக் கேட்டார். காலையில், முழுதாக ஒன்று என்றார் தாய். டொக்டரின் முகம் மாறியதைக் கண்டு அவருடைய முகமும் மாறிற்று. என்ன, என்ன என்று கேட்டார்.

டொக்டர் பிள்ளையைத் தூக்கியபடி என் பக்கம் திரும்பினார். "இவர் சொல்லுவார்" என்றார்.

நான் அதுவரை நிறுவனத்தின் பெரியவர்களுக்கு முன்னால் எத்தனையோ விளக்கங்கள் கொடுத்திருக்கிறேன். எழுத்துரு, குறிமுறை, அச்சு வடிகட்டி என்று அரைமணி நேரம் பேசிவிட்டு, பிழை யாருடையது என்று மட்டும் வெளிவராமல் முடிக்கத் தெரிந்தவன். அந்த முற்றத்தில் அந்தச் சொற்களில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

"அம்மா, அரை எண்டுதான் டொக்டர் எழுதினவர். லேபிளில அந்த அரை விழேல்லை. அது என்ர பிழை" என்றேன்.

அவர் உள்ளே போய் உறையை எடுத்துவந்து பார்த்தார். விரலால் அந்த வெறும் இடத்தைத் தடவினார்.

"அப்ப நான் பிள்ளைக்குக் கூடக் குடுத்துப்போட்டனோ?"

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பிழையைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டார். இல்லையம்மா, நீங்கள் வாசித்ததைத்தான் கொடுத்தீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அது அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. வாகனத்தில் பிள்ளையை மடியில் கிடத்தி, அதன் பெயரை மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் முன் இருக்கையில் இருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மருந்தைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது. வலிப்புத் திரும்பிவிடும் என்றார் டொக்டர். பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் இறக்கினார். அடுத்த நாள் பிள்ளை எழும்பி இருந்து கஞ்சி குடித்தது. அதற்கடுத்த நாள் பிரிண்டரின் வயரைப் பிடித்து இழுத்து விளையாடியது. அந்தப் பிரிண்டரை யார் இழுத்தாலும் எனக்கு ஆட்சேபனை இருக்கவில்லை.

இனித் திருத்தவேண்டும். நான் ஒரு பெரிய திட்டம் வைத்திருந்தேன். கணினிக்கும் பிரிண்டருக்கும் நடுவில் நிற்கும் அச்சு வடிகட்டியைப் புதிதாக எழுதுவது, இல்லாத குறிகளைக் கண்டுபிடித்து வேறு எழுத்துருவிலிருந்து எடுத்துப் போடுவது. தாளில் படம் கீறி டொக்டருக்கும் றஹீமா அக்காவுக்கும் விளக்கினேன். இருவரும் பொறுமையாகக் கேட்டார்கள். எவ்வளவு காலம் எடுக்கும் என்று டொக்டர் கேட்டார். ஒரு மாதம் என்றேன். அதுவரைக்கும் கையால் எழுதுவதா என்று யோசித்தார்.

றஹீமா அக்கா என் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "தம்பி, 'அரை' எண்டு எழுத்தில அடிச்சா வராதோ?"

வந்தது. அதுவும் என் அழகான எழுத்துருவில், மிக அழகாக. அங்கேயும் அதே 'ரை'தான். ½ குறி விழும் விசையில் 'அரை' என்று விழும்படி மாற்றித் தரச் சொன்னார். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு வந்தது நிம்மதி என்று சொல்ல ஆசை. உண்மையில் முதலில் வந்தது கோபம். ஒரு மாத வேலையை என்னிடமிருந்து பறித்துவிட்டாரே என்று.

பிறகு வவுனியாவில் ஒரு நண்பரிடம் பழைய பொதியின் பிரதி ஒன்று கிடைத்தது. அதைக் கொண்டுவந்து, முதல்நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: 'ரை'யின் குறியை ஒரு மயிரிழை நகர்த்தினேன். வேறொன்றையும் தொடவில்லை. பார்க்க அசிங்கமான எழுத்துருதான். எல்லாக் கணினிகளிலும் அதையே வைத்தேன், அந்த நிலையம் இருந்த காலம் வரைக்கும். திரும்பி வந்த போருக்குப் பிறகு அந்தக் கட்டடம் இல்லை. என் காலத்தில் உடைந்தவற்றில் நான் உடைக்காதது அது.

பின்னாளில் வெளிநாட்டில் உங்களைப் போன்றவர்களோடு பெரிய லினக்ஸ் விநியோகமொன்றின் பொதிகளைப் பார்த்தேன். அங்கே என்னை ஒரு பிற்போக்காளன் என்பார்கள். புதுப் பதிப்பு என்றால் முகம் சுளிக்கிறவன், பழையதில் தையல் போடுகிறவன். யாராவது ஒரு பொதியில் விநோதமான ஒரு சின்னச் சேர்க்கையைக் கண்டு, இது எதற்கு, எடுத்துவிடுவோமா என்று கேட்டால், யாருக்கு உதவுகிறது என்று தெரியும்வரை இருக்கட்டும் என்பேன். எழுத்துருப் பொதியைச் சோதிக்கக் கொடுத்தால், பாவிக்கிறவர்கள் அன்றாடம் அடிக்கும் வசனத்தைக் கேட்டு வாங்கி, தாளில் அடித்துப் பார்க்கச் சொல்வேன். சொந்தப் பெயரை அடித்துப் பார்க்கிறவர்களை அறையைவிட்டு அனுப்பிவிடுவேன். காரணம் சொல்வதில்லை.

துளசியின் தாய் அடுத்த மாதம் மருந்து எடுக்க நேரில் வந்தார். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புவார் என்று நினைத்து, நான் அலுமாரிக்குப் பின்னால் ஏதோ வேலை இருப்பதுபோல நின்றேன். அவர் நேரே என்னிடம்தான் வந்தார். அதற்குள் அந்தப் பிள்ளை காத்திருந்தவர்களின் கதிரைகளுக்கு அடியால் புகுந்து, மறுபக்கத்தால் வெளியே வந்து, றஹீமா அக்காவின் மேசைக்குக் கீழே போய்விட்டது.

"இந்த அரையைக் குடுக்கத் தொடங்கினாப் பிறகு இவளைப் பிடிக்க ஏலாமக் கிடக்கு. நீங்கள்தானே அரையைத் திருத்தினனீங்கள். ஏதாவது செய்யுங்கோ" என்றார்.

சிரிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையாகவே களைத்துப்போயிருந்தார். என் தொழிலில் எனக்கு வந்த முறைப்பாடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். எல்லாவற்றையும் திருத்தப் பார்த்தேன், சிலவற்றைத் திருத்தப்போய் மோசமாக்கினேன். திருத்த மாட்டேன் என்று ஒரேயடியாகச் சொன்னது அந்த ஒன்றுக்குத்தான்.